ஆம்ஸ்டர்டாமில் இரவு சைக்கிள்: இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்தும் ஜொஹானஸ்பர்க்கிலிருந்தும் ஆம்ஸ்டர்டாம் போகிற நம்மவர்கள் பலர் காலைச் சாப்பாடு முடிந்த கையோடு சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறார்கள். டாம் சதுக்கத்தைச் சுற்றி அரை மணி நேரம் ட்ராமுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் திண்டாடுகிறார்கள். பிறகு ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வண்டியிலும் குறையில்லை, ஓட்டுகிறவரிடமும் குறையில்லை, நேரம்தான் தப்பு. அந்த ஊரில் புதிதாக ஓட்டிப் பழக நல்ல நேரம் இரவு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, அதுவும் திங்கள் முதல் வியாழன் வரை. வேலை முடிந்து போகிற கூட்டம் வீடு சேர்ந்திருக்கும். கடைகளுக்குச் சரக்கு இறக்குகிற வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்காது. வெள்ளி, சனி இரவுகள் வேறு மாதிரி. அதைப் பிறகு பார்ப்போம்.

நம் ஊரில் இருட்டிய பிறகு சைக்கிள் என்றாலே வழிப்பறிதான் முதலில் நினைவுக்கு வரும். ஆம்ஸ்டர்டாமில் உங்களைக் கீழே தள்ளக்கூடியது பெரும்பாலும் உங்கள் சொந்தப் பழக்கம்தான். நாம் இடப்பக்கம் போகிறவர்கள், அவர்கள் வலப்பக்கம். கீழே சொல்லப்போவதில் பாதி இந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

எந்த மாதம்

ஜூனில் போனால் இருட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்க வேண்டும். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறையவே பத்து மணி ஆகும். நன்றாக இருட்டப் பதினொன்று தாண்டிவிடும். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், ஆனால் குளிரும் ஈரமும் சேர்ந்து செங்கல் தெருக்களை வழுக்கலாக்கிவிடும். முதல் தடவைக்கு அது வேண்டாம். ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை ஒரு நல்ல காலம். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் இன்னொன்று. செப்டம்பர் கடைசியில் ஏழரை மணிவாக்கில் சூரியன் மறையும், எட்டேகாலுக்கு விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். நம் பள்ளி விடுமுறையும் அதையொட்டி வருவதால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் வசதி.

இன்னொரு லாபம் உண்டு. அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஐரோப்பாவில் கோடை நேரம், அதாவது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அதுவரை நெதர்லாந்துக் கடிகாரமும் தென்னாப்பிரிக்கக் கடிகாரமும் ஒரே நேரத்தைத்தான் காட்டும். ஆனாலும் ஜொஹானஸ்பர்க்கிலிருந்து ஏறக்குறைய பதினோரு மணி நேரம் இரவு விமானத்தில் சரியாகத் தூங்காமல் வந்திறங்கிய அன்றைக்கே ஓட்டாதீர்கள். களைத்த தலை முதலில் மறப்பது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத்தான்.

அக்டோபர் இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். ஓடும்போது அடிக்கிற காற்றில் விரல் விறைத்துப்போனால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். மெல்லிய கையுறை கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். குடை வேண்டாம், மழைச்சட்டை போதும். பௌயன்ராடார் என்ற ஆப்பில் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கான மழை தெரியும். கிளம்புமுன் அதை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வண்டி எடுக்கும்போது

வாடகைக் கடைகளில் பெரும்பாலானவை மாலையிலேயே மூடிவிடும். ஆகவே இரவுக்கு வேண்டிய வண்டியை நாலு, ஐந்து மணிக்கே 24 மணி நேர வாடகைக்கு எடுத்துவிட வேண்டும். அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். பாஸ்போர்ட்டை அடமானமாக வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், கிரெடிட் கார்டில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். திருட்டுக் காப்பீடு தனிக் கட்டணம். அதைக் கட்டிவிடுவது நல்லது. ரயில் நிலையங்களில் நீலம்-மஞ்சளாக நிற்கிற ஓவி-ஃபீட்ஸ் என்கிற வாடகை வண்டிகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அவை உள்ளூர் வங்கிக் கணக்கும் சொந்தப் பயண அட்டையும் உள்ளவர்களுக்கானவை.

கடைக்காரர் கேட்கிற முக்கியமான கேள்வி: கால் பிரேக்கா, கைப் பிரேக்கா? கால் பிரேக் வண்டியில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பின்சக்கரம் நிற்கும். கைப்பிடியில் பிரேக் கம்பியே இருக்காது. கைப் பிரேக்கில் பழகியவர்கள் பதற்றத்தில் காற்றைப் பிடித்து அழுத்திக்கொண்டு நேராகப் போய் மோதுவார்கள். விலை கொஞ்சம் கூடினாலும் மூன்று கியரும் கைப் பிரேக்கும் உள்ளதை எடுங்கள். எந்தக் கை எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பதை வண்டியை உருட்டியபடி ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். நம் வண்டியில் இருப்பதற்கு மாறாக இருக்கலாம்.

கால் பிரேக் வண்டிதான் கிடைத்தது என்றால் ஒரு விஷயம் பழகிக்கொள்ள வேண்டும். அதில் பெடலைப் பின்னால் சுற்றிச் சரியான இடத்துக்குக் கொண்டுவர முடியாது. சுற்றினால் பிரேக் பிடித்துக்கொள்ளும். ஆகவே நிற்கும்போதே, வலது பெடல் கடிகாரத்தில் இரண்டு மணி முள் இருக்கிற இடத்துக்கு வரும்படி நிற்க வேண்டும். அப்போதுதான் ரோபாட் (போக்குவரத்து விளக்கு) பச்சையானதும் ஒரே மிதியில் வண்டி நகரும். பெடல் கீழே கிடந்தபடி நின்றுவிட்டால், கிளம்பும்போது தடுமாறிப் பின்னால் வருகிறவர் வழியில் விழுவீர்கள். செயின் கழன்றால் கால் பிரேக்கும் போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டச்சுக்காரர்கள் உயரமானவர்கள், வண்டிகளும் அப்படித்தான். சின்ன ஃப்ரேம் கேட்டு வாங்குங்கள். முதல் இரவில் சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு கால்களின் முன்பாதமும் தரையைத் தொட வேண்டும். முழங்கால் மடங்கி மிதிப்பது கொஞ்சம் அசௌகரியம்தான், ஆனால் திடீரென்று நிற்கும்போது அந்த உயரம்தான் காப்பாற்றும். சேலையும் சல்வாரும் உடுத்தி ஓட்டலாம். பெரும்பாலான வண்டிகளில் செயினுக்கு முழு மூடியும், பின்சக்கரத்துக்குப் பக்கத் தட்டியும் உண்டு. துப்பட்டா, ஷால் முனைகளை மட்டும் இடுப்பில் இறுக்கிச் செருகிவிடுங்கள்.

ஹெல்மெட் நம் நாட்டில் சட்டப்படி கட்டாயம். அங்கே சாதாரண சைக்கிளுக்குக் கட்டாயமில்லை, யாரும் போடுவதுமில்லை. நம் யோசனை: வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஹெல்மெட் தலையைப் பார்த்ததும் வெளியூர்க்காரர் என்று தெரிந்து பின்னால் வருகிறவர்கள் கொஞ்சம் இடம் விட்டு ஓட்டுவார்கள். அதுவும் ஒரு நன்மைதானே.

விளக்கு

இருட்டிய பிறகு முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு. இரண்டும் விட்டுவிட்டு மின்னாமல் நிலையாக எரிய வேண்டும். மின்னுகிற விளக்கு அங்கே சட்ட விரோதம். நம் ஊரில் அதுதான் பாதுகாப்பு என்று பழகியிருப்போம், ஆகவே கொண்டுபோகிற விளக்கை நிலை வெளிச்சத்துக்கு மாற்றிவிடுங்கள். விளக்கை வண்டியில் மாட்டலாம். சட்டையின் மார்பு, முதுகுப் பக்கம் குத்திக்கொள்ளலாம். தலையிலோ கையிலோ காலிலோ கட்டினால் கணக்கில் வராது. பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான், பெடல்களில் மஞ்சள் பிரதிபலிப்பான், சக்கரங்களில் வெள்ளை அல்லது மஞ்சள் பட்டை, பெல் எல்லாம் இருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையை விட்டு நகருமுன் விளக்கை எரிய வைத்து, வண்டியைத் தூக்கி ஒரு தடவை தட்டிப் பாருங்கள். தட்டியதும் அணைந்தால் கம்பி தளர்ந்திருக்கிறது; செங்கல் தெருவில் நூறு மீட்டர் போவதற்குள் அணைந்துவிடும். மாற்றிக் கேளுங்கள். அதற்கும் மேலே, ஹேமா போன்ற கடைகளில் கிடைக்கிற சின்ன பேட்டரி விளக்கு ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். வாடகை வண்டியின் விளக்கு மற்றவர்கள் உங்களைப் பார்ப்பதற்கு மட்டும்தான். பாதையைக் காட்டும் என்று நம்ப வேண்டாம்.

வலப்பக்கம்

ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் தப்பு செய்வதில்லை. முன்னால் நாலு பேர் போகிறார்கள், அவர்கள் பின்னால் போய்விடுவோம். பழைய பழக்கம் திரும்புவது நாலு இடங்களில்.

முதலாவது, நின்று மீண்டும் கிளம்பும்போது. படம் எடுக்க நிறுத்துவோம், வண்டியைத் திருப்புவோம், ஏறியதும் தானாக இடப்பக்கம் போய்விடுவோம். இரண்டாவது, ஆளில்லாத சந்திலிருந்து தெருவுக்கு வரும்போது. இரவில் இதுதான் அதிகம், ஏனென்றால் பின்பற்ற யாரும் இருக்க மாட்டார்கள். மூன்றாவது, வாய்க்கால் பாலங்களின் மேல். அவை நடுவில் கூன் விழுந்த பாலங்கள். எதிரே வருகிறவரின் விளக்கு உச்சிக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும். நாலாவது, பயப்படும்போது. எதிரே யாராவது நேராக வந்தால் கை தானாக இடப்பக்கம் திருப்பும். அவரோ தன் வலப்பக்கம் திருப்புவார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் சந்திப்பீர்கள். அப்படி ஒரு நிலை வந்தால் எந்தப் பக்கமும் திருப்பாமல் நேராகப் பிடித்துப் பிரேக் போடுங்கள். விலகுகிற வேலையை அவர் பார்த்துக்கொள்வார்.

இதற்கு ஒரு எளிய வழி: வலது கை மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். கோயில் கயிறு ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும். ஒவ்வொரு தடவை பெடலில் கால் வைக்கும்போதும் அந்தக் கை இருக்கிற பக்கம்தான் பாதையின் ஓரம் இருக்க வேண்டும். டர்பன் பீச்ஃப்ரண்டில் ப்ரோமனேடில் ஓட்டிப் பழகலாம் என்று சிலர் சொல்வார்கள். சமநிலைக்கு அது உதவும். ஆனால் வலப்பக்கப் பழக்கத்தை அங்கே பயிற்சி செய்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவு. காலியான கார் நிறுத்துமிடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வலப்பக்கம் திரும்புவதையும் இடப்பக்கம் திரும்புவதையும் இருபது இருபது தடவை செய்தால் போதும்.

தெருவைக் கடக்கும்போது நாம் முதலில் வலது பக்கம் பார்க்கிறவர்கள். அங்கே அருகில் வருகிற வண்டி இடது பக்கத்திலிருந்து வரும். அதோடு சைக்கிள் பாதைகள் சில இரு திசையிலும் ஓடுபவை. ஆகவே இடது, வலது, மறுபடி இடது.

இடப்பக்கம் திரும்புவதுதான் அங்கே கடினமான திருப்பம். நடு ரோட்டில் கையை நீட்டிக்கொண்டு திரும்ப முயற்சிக்காதீர்கள். குறுக்குத் தெருவை நேராகக் கடந்து, அடுத்த மூலையில் நின்று, வண்டியை இடப்பக்கம் திருப்பி வைத்து, அந்தப் பக்கத்து ரோபாட் பச்சையானதும் மறுபடி நேராகப் போங்கள். இரண்டு நேர்க் கடப்புகள் சேர்ந்து ஒரு திருப்பம். உள்ளூர்க்காரர்களும் பெரிய சந்திப்புகளில் இப்படித்தான் செய்கிறார்கள்.

தரையைப் படிப்பது

சிவப்புத் தார்ப் பாதை சைக்கிளுக்கு. வட்டமான நீலப் பலகையில் வெள்ளைச் சைக்கிள் படம் இருந்தால் அதில்தான் போக வேண்டும். தரையில் வரிசையாக வெள்ளை முக்கோணங்கள் வரும். அவற்றின் கூர் உங்களை நோக்கி இருந்தால் நீங்கள்தான் வழி விட வேண்டும். பலகையும் முக்கோணமும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை, அவர் சைக்கிளில் வந்தாலும் சரி. ட்ராமுக்கு எப்போதும் வழி விட்டுவிடுங்கள். சில ரோபாட்கள் நள்ளிரவுக்குமேல் மஞ்சளாக மினுக்கிக்கொண்டு மட்டும் இருக்கும். அப்போது தரையில் உள்ள முக்கோணங்களே சட்டம்.

ட்ராம் தண்டவாளத்தின் இடுக்கு சைக்கிள் டயரை விழுங்கிக்கொள்கிற அகலம். அதைச் சாய்வாகக் கடக்கவே கூடாது. முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். ஈரத்தில் தண்டவாளத்தின் மேல் பிரேக் போடாதீர்கள், திரும்பாதீர்கள், பெடலையும் அழுத்தாதீர்கள். கடக்கிற அந்த ஒரு கணம் சக்கரம் சும்மா உருளட்டும்.

இரவுக்கே உரிய இன்னொரு ஆபத்து, கார்கள் நுழையாமல் இருக்கப் பாதையின் நடுவில் நட்டிருக்கிற இடுப்பளவுக் கம்பம். கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவர் விலகிப் போய்விடுவார், பின்னால் இருப்பவர் நேராக இடிப்பார். அதனால் குடும்பமாகப் போகிறவர்கள் வண்டிக்கு வண்டி மூன்று வண்டி நீளமாவது இடைவெளி விடுங்கள். முன்னால் போகிறவர் கம்பத்தைப் பார்த்ததும் ‘கம்பம்!’ என்று சத்தமாகச் சொல்லட்டும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பெல் சத்தம் கேட்டதும் ஒருவர் பின்னால் போய்விட வேண்டும்.

வாய்க்கால் ஓரத்தில் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை. வருஷத்துக்கு 12,000 முதல் 15,000 சைக்கிள்கள் அந்த வாய்க்கால்களிலிருந்து தூர்வாரி எடுக்கப்படுகின்றன. அவற்றில் அதிகமும் ஆளில்லாமல் விழுந்தவை என்பது ஆறுதல். நிறுத்தியிருக்கிற கார்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் வண்டியை நுழைக்காதீர்கள்.

கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது 2019 ஜூலை முதல் அபராதத்துக்குரியது. கைப்பிடியில் மாட்டி வையுங்கள், அல்லது ஒரு காதில் மட்டும் குரல் வழிகாட்டியைக் கேளுங்கள். குடித்துவிட்டு ஓட்டினால் சைக்கிளுக்கும் கார் ஓட்டுகிறவருக்கு உள்ள அதே பொது அளவுதான், ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5. டாகா (கஞ்சா) அங்கே கடையில் கிடைக்கிறது என்பதற்காக, அதைப் புகைத்துவிட்டு ஓட்ட அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை.

முதல் இரவுக்கு ஒரு சுற்று

பத்துக் கிலோமீட்டருக்குள் முடிகிற சுற்று இது. நிற்கிற நேரத்தையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு முசியம்ப்ளைன் சதுக்கத்தில் கிளம்பலாம். ரைக்ஸ்மியூசியம் கட்டடத்தின் நடுவே ஊடுருவிப் போகிற வழியில் சைக்கிள்களுக்கு நடுப்பகுதி, நடப்பவர்களுக்கு இரண்டு ஓரம். சைக்கிளை உள்ளே விடலாமா கூடாதா என்று நீண்ட சண்டை நடந்து, 2013-இல் மறுபடி திறந்த வழி. உள்ளே வாத்தியம் வாசிப்பவர்களைப் பார்த்து நடுவில் நின்றுவிடாதீர்கள். மறுபக்கம் போய் ஓரமாக நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

வெளியே வந்து நேராக ஸ்பீகல்கிராக்ட், நியூவ ஸ்பீகல்ஸ்ட்ராட் வழியாகப் போனால் ஹேரன்கிராக்ட் வாய்க்கால் வரும். அங்கே வலப்பக்கம் திரும்புங்கள். வழி தவறினால் கைபேசியை எடுக்காமல் கதவு எண்ணைப் பாருங்கள். ஹேரன்கிராக்ட், கெய்ஸர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் மூன்று வாய்க்கால்களிலும் கதவு எண்கள் வடமேற்கில் பிரௌவர்ஸ்கிராக்ட் பக்கம் தொடங்கி ஆம்ஸ்டல் ஆற்றை நோக்கி ஏறிக்கொண்டே போகும். எண் ஏறினால் ஆற்றுப் பக்கம் போகிறீர்கள்; இறங்கினால் ரயில் நிலையத்துப் பக்கம். ஒற்றைப்படை எண் வீடுகள் ஊரின் உள்பக்கக் கரையில், இரட்டைப்படை வெளிக்கரையில். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் இருட்டில் ஒரே மாதிரி தெரிகிற வாய்க்கால்கள் குழப்பாது.

ரெகுலியர்ஸ்கிராக்ட் குறுக்கிடுகிற இடத்தில் இறங்குங்கள். தெற்கே பார்த்தால் பால வளைவுகள் விளக்கு வரிசையோடு ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் பூட்டக் கூடாது. பிடித்துக்கொண்டு ஓரமாக நில்லுங்கள். பிறகு ஆம்ஸ்டல் வரை போய் வலப்பக்கம் திரும்பினால் மாகரே ப்ருக். வெள்ளை மரப் பாலம், ஏறத்தாழ 1,200 பல்புகள். மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மரப்பலகை ஈரமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமில்லை.

அக்கரையில் ஆற்றோரமாகவே வடக்கே போய், வாட்டர்லூப்ளைன், நியூமார்க்ட் தாண்டி, ஹெல்டர்ஸகாடே வழியாக மத்திய ரயில் நிலையம். நியூமார்க்டுக்கு மேற்கே இருக்கிற சிவப்பு விளக்குச் சந்துகளுக்குள் சைக்கிளோடு போக வேண்டாம். சந்து குறுகல், கூட்டம் அதிகம். நடந்து போனாலும் ஜன்னல்களைப் படம் எடுக்காதீர்கள்.

நிலையத்தின் மேற்கோரத்தில், அதன் அடியில், 2015-இல் திறந்த கௌபெர்ஸ்பசாஜ் இருக்கிறது. 110 மீட்டர் நீளம். ஒரு பாதி சைக்கிளுக்கு, மறுபாதி நடப்பவர்களுக்கு. நடைபாதைச் சுவர் முழுவதும் நீலமும் வெள்ளையுமாக ஓடுகளில் கப்பல்கள். பார்க்க வேண்டுமானால் இறங்கி நடைபாதைக்கு வந்துவிடுங்கள். வெளியே வந்தால் ஐ நீர்ப்பரப்பு. பௌக்ஸ்லோடர்வெக் போகிற படகுக்கு டிக்கெட் கிடையாது; இரவு முழுவதும் ஓடுகிறது, சில நிமிடத்தில் அக்கரை. படகில் ஏறியதும் சீட்டை விட்டு இறங்கி, வண்டியைச் சாய்க்காமல் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். கரை சேர்ந்ததும் ஸ்கூட்டர்காரர்கள் பாய்ந்து வெளியேறுவார்கள். அவர்களை முதலில் போக விடுங்கள். அக்கரையில் ஐ திரைப்பட அருங்காட்சியகத்தின் முன்னால் நின்று ஊரைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த படகில் வரலாம்.

திரும்பி வந்து மேற்கே பிரௌவர்ஸ்கிராக்டைப் பிடித்து, மூன்றாவது பெரிய வாய்க்காலான பிரின்சன்கிராக்டில் இடப்பக்கம் திரும்புங்கள். 263-ஆம் எண், நாஜிகளுக்குப் பயந்து ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமி ஒளிந்திருந்த வீடு. அதையடுத்து வெஸ்டர்கெர்க் தேவாலயத்தின் கோபுரம். அப்படியே போய் லைட்ஸப்ளைன் வழியாக முசியம்ப்ளைன் வந்துவிடலாம். லைட்ஸஸ்ட்ராட், கால்வர்ஸ்ட்ராட், நியூவண்டைக் மூன்றும் நடப்பவர்களுக்கான தெருக்கள். இரவில் காலியாகத் தெரிந்தாலும் அவற்றில் ஓட்ட வேண்டாம்.

பூட்டு

இரண்டு பூட்டு இருக்கும்: பின்சக்கரத்து வளையப் பூட்டு, ஒரு கனத்த சங்கிலி. வளையப் பூட்டு திறந்திருக்கும் வரை சாவி அதிலேயே மாட்டியிருக்கும்; பூட்டினால்தான் கையில் வரும். முதலில் சங்கிலியை முன்சக்கரத்துக்குள்ளும் ஃப்ரேமுக்குள்ளும் விட்டு, தரையில் ஊன்றிய இரும்பு வளைவோடு சேர்த்துப் பூட்டுங்கள். சங்கிலி தரையில் படாமல் தூக்கலாக இருக்கட்டும். தரையில் கிடந்தால் அதன்மேல் வைத்துச் சுத்தியலால் உடைப்பது சுலபம். பிறகு வளையப் பூட்டு. திருட்டுக் காப்பீட்டில் பணம் கேட்கப்போனால் சாவியைக் காட்டச் சொல்வார்கள். சாவியைத் தொலைத்தால் காப்பீடும் தொலைந்தது. வாய்க்கால் ஓரத்தில் நின்று சாவியைத் துழாவாதீர்கள்.

வாடகை வண்டிகள் எல்லாம் ஒரே நிறம். கைப்பிடியில் உங்கள் துணி நாடா ஒன்றைக் கட்டிவிட்டு, தெருப் பெயர்ப் பலகை தெரியும்படி வண்டியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிட நிம்மதி, நகராட்சியின் நிலத்தடிச் சைக்கிள் நிறுத்தங்கள். பெயர்ஸ்ப்ளைன், லைட்ஸப்ளைன், ஸ்டேஷன்ஸ்ப்ளைனில் உண்டு. முதல் 24 மணி நேரம் இலவசம். ஸ்டேஷன்ஸ்ப்ளைனில் இருப்பது 2023-இல் தண்ணீருக்கு அடியில் திறந்தது, 7,000 வண்டிக்கு இடம். உள்ளே போனதும் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ட இடத்தில் நிறுத்தினால் நகராட்சி தூக்கிக்கொண்டு போய் மேற்குத் துறைமுகப் பக்கத்துக் கிடங்கில் வைத்துவிடும். வண்டியை மீட்க அபராதம், அதோடு அரை நாள் போய்விடும்.

சாப்பாடு

செப்டம்பர் கடைசி என்றால் பலருக்குப் புரட்டாசி விரதம். அங்கே உணவகச் சமையலறைகள் பத்து மணிவாக்கில் மூடத் தொடங்கிவிடும், ஆகவே எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதே புத்தி. டி பைப் பகுதியில் ஆல்பர்ட் கௌப்ஸ்ட்ராட்டை ஒட்டி சூரினாம் (தென்னமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட நாடு) உணவகங்கள் உண்டு. ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு 1860-இல் கூலிக்காரர்களைக் கொண்டுவந்தது போல, லல்லா ரூக் கப்பல் கல்கத்தாவிலிருந்து 1873-இல் சூரினாமுக்குக் கொண்டுபோனது. அவர்கள் வழிவந்தவர்களின் ரொட்டியும் உருளைக்கிழங்கும் காராமணிக்காயும் நம் நாக்குக்கு அந்நியமாக இருக்காது. காய்கறி ரொட்டி என்று கேட்டாலும் அவித்த முட்டை ஒன்று சேர்ந்தே வரும். முட்டை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பருப்பு மாவில் பொரித்த பாரா பையில் வைத்துக்கொள்ள ஏற்றது. நடு இரவில் பசித்தால் ஃபேபோ கடைகளின் சுவர்ப் பெட்டியில் காசு போட்டு எடுக்கிற சீஸ் சூஃப்ளே உண்டு. உள்ளே கொதிக்கும், முதல் கடி மெதுவாக.

கெட்டுப்போகிற இடங்கள்

வெள்ளி, சனி இரவு பதினொன்றுக்குமேல் லைட்ஸப்ளைன், ரெம்ப்ராண்ட்ப்ளைன் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். குடித்த சுற்றுலாக்காரர்கள் சிவப்புப் பாதையை நடைபாதை என்று நினைத்து இறங்குவார்கள், தரையில் கண்ணாடித் துண்டு கிடக்கும். மேலே சொன்ன சுற்றில் வெஸ்டர்கெர்க் தாண்டியதும் கெய்ஸர்ஸ்கிராக்டுக்கு மாறி, நியூவ ஸ்பீகல்ஸ்ட்ராட் வரை போய் வந்த வழியே திரும்பலாம். வோண்டல்பார்க்குக்குள் இரவிலும் ஓட்டலாம். ஆனால் நள்ளிரவுக்குமேல் தனியாக என்றால் வீடுகள் உள்ள தெருவே மேல்.

பஞ்சர் ஆனால் காற்றில்லாத டயரில் ஓட்டாதீர்கள். ரிம் வளைந்தால் அதற்கும் சேர்த்துக் காசு கேட்பார்கள். தள்ளிக்கொண்டுபோய் அருகிலுள்ள காவல் உள்ள சைக்கிள் நிறுத்தத்தில் விட்டுவிட்டு ட்ராமிலோ, அது நின்றுவிட்டால் இரவுப் பேருந்திலோ போய், காலையில் கடைக்குத் தகவல் சொல்லுங்கள். சொந்த பம்ப் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கத்திய சாதாரண வண்டிகளில் டன்லப் வால்வுதான் அதிகம். கார் டயர் வால்வுக்கான பம்ப் தலை அதில் உட்காராது. பிரெஸ்டா வால்வுக்கான தலை உட்காரும்.

பையைக் குறுக்காக மாட்டுங்கள், முன்னால் உள்ள கூடையில் திறந்து வைக்காதீர்கள். விழுந்து அடிபட்டால் 112.

இரண்டாவது இரவு

முதல் சுற்றில் ஒரு தடவைகூட இடப்பக்கம் போகவில்லை என்றால், அடுத்த இரவு ஆம்ஸ்டல் கரையோரமாகத் தெற்கே ஔடர்கெர்க் வரை போகலாம். மாகரே ப்ருக்கிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர். மேற்குக் கரையில் ஆம்ஸ்டல்டைக்கைப் பிடித்தால் வழியில் ரீக்கர் காற்றாலை இருட்டில் நிற்கும். ஊரைத் தாண்டியதும் தெருவிளக்கு குறையும், கார்களும் அதே தெருவில் வரும். இங்கேதான் பாதையைக் காட்டுகிற பலமான முன்விளக்கு வேண்டும். எதிரே வருகிறவர் கண்ணைக் கூசாதபடி அதைக் கொஞ்சம் தாழ்த்தி மாட்டுங்கள். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும், அதனால் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது தள்ளிவிடும். அன்றைக்கு வடகாற்று என்றால் கணக்கு மாறிவிடும்: போகும்போது சுகம், களைத்துத் திரும்பும்போது 9 கிலோமீட்டர் எதிர்காற்று. அப்படிப்பட்ட இரவில் காற்றாலையோடு திரும்பிவிடுங்கள்.